மணி பார்த்துக் கொடுங்கள், வலி பார்த்து அல்ல

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மலேசியாவில் இருக்கும் இந்த ஊரின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை; பழையவர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் புரியும். தோட்டத்தின் பெயரையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அம்மாவுக்கு 57 வயது. சிறு வயதில் பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனையில் உரம் போட்டு, உதிரிப்பழம் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். 12 வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. நான்கு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்து, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். ஐந்து மாதமாக முதுகுவலி. உழைத்த உடம்பு, தேய்மானம் என்று வீட்டில் நினைத்தார்கள். ஆறு வாரத்துக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ-யில் முதுகெலும்பில் மூன்று இடங்களில் நோய் பரவியிருப்பது தெரிந்தது.

மருத்துவமனையில் பாராசிட்டமாலும், மார்ஃபின் மருந்துத் தண்ணியும், மலமிளக்கி சிரப்பும் கொடுத்து, ஐந்து நாள் கதிர்வீச்சுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி தந்திருக்கிறார்கள். மார்ஃபின் பாட்டிலில் ‘2.5 மில்லி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்று ஒட்டியிருக்கிறது. ஆனால் அண்ணன், “அது கடைசி காலத்து மருந்து, அம்மா அடிமையாகிவிடுவார்” என்று பயப்படுகிறார். வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமோ என்றும் அவருக்குக் கவலை. அதனால் அம்மா அழும்போது மட்டும், நாளுக்கு இரண்டு தடவை, ஒரு டீஸ்பூன் கொடுத்துவந்தார்கள். ஒருநாள் இரவு அம்மா உளறினார். கைகள் தானாகத் துள்ளின. அன்றிலிருந்து பாட்டில் அலமாரி மேலே போய்விட்டது. மார்ஃபின் இருந்தபோதே மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுவந்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைதான் இப்போது, மூன்று நாளுக்கு ஒருமுறை டவுன் கிளினிக்கில் ஊசி, வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வந்து தைலம் போட்டு முதுகை உருவிவிடுகிறார்.

அம்மாவால் படுக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் தலையணை வைத்து, அதில் சாய்ந்தபடி விடிய விடிய இருக்கிறார். வெளிக்குப் போய் ஆறு நாளாகிறது. இரண்டு நாளாக வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல் இருக்கிறது என்கிறார். நேற்று வாசலுக்கு வந்தபோது இடது கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. கதிர்வீச்சு உண்மையிலேயே தேவையா, மார்ஃபின் ஆபத்தா, அண்ணன் மறைக்கச் சொன்னாலும் பரவியிருப்பதை அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், “ஒரு ராத்திரியாவது அம்மா காலை நீட்டிப் படுத்துத் தூங்க வழி உண்டா?” என்கிறார்.

முதலில் அந்தச் செருப்பு

அன்புள்ள வாசகி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தச் செருப்புதான் உங்கள் கடிதத்திலேயே அவசரமான விஷயம். கடிதம் கிடைத்த அன்றே இந்த ஒன்றை மட்டும் உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதுகெலும்பு ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையங்களின் வழியாகத்தான் தண்டுவடம் இறங்குகிறது. எலும்பில் வளரும் கட்டி அந்த இடத்துக்குள் பிதுங்கினாலோ, அரித்துப்போன எலும்பு நொறுங்கி உள்ளே தள்ளினாலோ தண்டுவடம் நசுங்கும். படுத்தால் வலி கூடுவது, இருமினாலும் முக்கினாலும் வலி வெட்டுவது, மார்பையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை போட்டு இறுக்குவது போன்ற உணர்வு, இதெல்லாம் முன்னறிவிப்பு. கால் கனப்பது, மரத்துப்போவது, படியேறத் தடுமாறுவது, செருப்பு கழன்றது தெரியாமலிருப்பது ஆகியவை நரம்பு ஏற்கெனவே நசுங்குகிறது என்பதன் அடையாளம். சிறுநீர் கட்டிக்கொள்வதும், தெரியாமல் போவதும், மலத்தின் கட்டுப்பாடு போவதும் இன்னும் பிந்தி வருபவை. அவை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுக்க விழுந்தபிறகு வருபவர்கள் மீண்டும் எழுந்து நடப்பது அரிது. இடையில் இருக்கும் நேரம் சிலருக்குச் சில நாட்கள், சிலருக்குச் சில மணி நேரம்தான். எனவே மூன்று வாரம் கழித்து வரும் கதிர்வீச்சுத் தேதியை நம்பி இருக்காதீர்கள். அந்தத் தேதி, கால் நன்றாக இருந்தபோது கொடுத்தது. ஆறு வாரத்துக்கு முந்தைய எம்ஆர்ஐ-யும் இன்றைய நிலைமையைச் சொல்லாது.

அம்மாவை நடக்கவிடாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். வலியால் முற்றிலும் முடியாவிட்டால் தாங்குகிற அளவு மட்டும் தலைப்பக்கம் உயர்த்துங்கள். பக்கவாட்டில் திருப்ப வேண்டுமானால் தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில், மரக்கட்டையை உருட்டுவதுபோல் திரும்ப வேண்டும். முதுகு முறுக்கக் கூடாது. 999-ஐ அழையுங்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில், குழிக்குக் குழி குலுங்கும் காரில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது அரித்துப்போன எலும்புக்கு நல்லதல்ல. எம்ஆர்ஐ குறுந்தட்டு, மருந்துப் பைகள் எல்லாம், கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதிய தாள், இவை கையில் இருக்கட்டும். எமர்ஜென்சி கவுண்டரில் “முதுகுவலி” என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: “கான்சர் மெரெபாக் கெ துலாங் பெலாகாங், காக்கி லெமா சுடா டுவா ஹாரி.” (புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது, இரண்டு நாளாகக் கால் பலவீனம்.) ‘ஸ்பைனல் கார்டு கம்ப்ரெஷன்’, அதாவது தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வார்த்தை சிகிச்சையின் வேகத்தையே மாற்றும்.

அங்கே பொதுவாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 16 மில்லிகிராம் அளவில் தொடங்குவார்கள். நரம்பைச் சுற்றிய வீக்கம் வடியும், வலியும் சட்டென்று குறையும். முழு முதுகுக்கும் எம்ஆர்ஐ 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. பிறகு அறுவை சிகிச்சையா, அவசரக் கதிர்வீச்சா என்று முடிவாகும். ஒன்றை நீங்களே நினைவூட்ட வேண்டும்: அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஸ்டீராய்டு தொடங்கினால் சர்க்கரை தாறுமாறாக ஏறும், குறிப்பாக மத்தியானத்துக்குப் பிறகு. வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி இருந்தால் நாளுக்கு நான்கு முறை பாருங்கள். சர்க்கரை மருந்தைக் கூட்ட வேண்டி வரலாம். ஸ்டீராய்டைக் காலையிலும் மத்தியானத்திலும் கொடுத்து முடித்துவிட வேண்டும், இரவில் கொடுத்தால் தூக்கம் போய்விடும். அதைத் தானாக நிறுத்தவும் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அந்த இரவின் உளறல்

இனி மார்ஃபின். அண்ணன் சொன்னதில் ஒரு விஷயம் உண்மை: அன்றிரவு அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் கொடுக்கும் மார்ஃபின் தண்ணி வழக்கமாக 5 மில்லியில் 10 மில்லிகிராம் என்ற அடர்த்தியில் இருக்கும். உங்கள் பாட்டிலிலும் அப்படியா என்று லேபிளைப் பாருங்கள். அப்படியென்றால் 2.5 மில்லி என்பது 5 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி, அதாவது 10 மில்லிகிராம். மருத்துவர் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு ஒரே வாயில் போயிருக்கிறது. நாள் முழுக்கச் சேர்த்தால் அவர் சொன்ன 30 மில்லிகிராமுக்குப் பதில் 20 தான். மொத்தம் குறைவு, ஒரு வேளைக்கான அளவு அதிகம். வலியும் அடங்காது, பக்கவிளைவும் வரும். கரண்டியைத் தூக்கி வைத்துவிட்டு, மருந்துக்கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். 2.5 என்ற கோட்டில் பேனாவால் ஒரு குறி போடுங்கள்.

அடுத்த சந்தேகம் சிறுநீரகம். மார்ஃபின் கல்லீரலில் உடைந்து, உடைந்த பொருட்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 12 வருடச் சர்க்கரை நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். அதன்மேல் தினமும் டைக்ளோஃபெனாக் போட்டால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறையும். கழிவு தேங்கி, கை துள்ளலும் உளறலும் தூக்கக் கலக்கமும் வரும். வீட்டில் எல்லாரும் மார்ஃபினைக் குற்றம் சொல்வார்கள்; கெடுதலைச் செய்தது பெரும்பாலும் கடையில் வாங்கிய அந்தச் சின்ன மாத்திரை. கிரியாட்டினின் பரிசோதனை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார், இடைவெளியைக் கூட்டுவார், அல்லது ஃபென்டானில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்.

மூன்றாவது சந்தேகம் கால்சியம். எலும்பில் பரவிய நோய் கால்சியத்தை இரத்தத்தில் கொட்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், மந்தம், உளறல், எல்லாம் வரும். இதைச் சர்க்கரை என்றும் மார்ஃபின் என்றும் நினைத்து விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒரே இரத்தப் பரிசோதனையில் தெரியும், சலைன் ஏற்றி ஊசி போட்டால் பெரும்பாலும் சில நாளில் இறங்கும். இரத்தம் எடுக்கும்போது கால்சியமும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு மணி நேரக் கணக்கு

வலி வந்து அழுதபிறகு மருந்து என்பது, அடுப்பு அணைந்து சோறு அரைவேக்காடான பிறகு விறகு தேடுவது போல. மார்ஃபின் தண்ணி வாயில் போய் வேலை தொடங்க அரை மணி நேரமாகும், நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த வேளை முந்தைய வேளை தீர்வதற்குள் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986-லிருந்து சொல்லிவருவதன் அடிப்படை இதுதான்: முடிந்தவரை வாய் வழியாக, கடிகாரப்படி, ஆளுக்கு ஏற்ற அளவில். ஊசிதான் வலுவான மருந்து என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை போடும் ஊசி சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மிச்ச நேரம் அம்மா வெறும் வலியோடு இருக்கிறார்.

மருத்துவமனையில் இரத்தம் பார்த்து, அதே 5 மில்லிகிராமைத் தொடரச் சொன்னால் ஒருநாள் கணக்கு இப்படி இருக்கும். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10, விடியற்காலை 2. தூக்கத்தைக் கலைக்க வேண்டாம் என்றால் இரவு 10 மணி வேளையை இரட்டிப்பாக்கி 2 மணி வேளையை விடலாம். ஆனால் அம்மாவுக்கு ஏற்கெனவே உளறல் வந்திருப்பதால் மருத்துவர் ஒப்புதலோடு மட்டும். இடையில் வலி பீறிட்டால் கூடுதலாக ஒரு வேளை உண்டு. அதன் அளவு நாளின் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. 30 மில்லிகிராமுக்கு 5. அதைக் கொடுத்ததற்காக அடுத்த வேளையைத் தள்ளக் கூடாது. ஒரு நோட்டில் மணி, அளவு, பத்துக்கு எத்தனை வலி என்று எழுதிவாருங்கள். கூடுதல் வேளை நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் அளவைக் கூட்டுவார். அளவு ஒரு நிலைக்கு வந்தபிறகு 12 மணி நேர மாத்திரைக்கு மாறலாம். உதாரணமாக நாளுக்கு 60 மில்லிகிராமில் வலி அடங்கினால் காலை 30, இரவு 30. அந்த மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது. உடைத்தால் 12 மணி நேர மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் வரும். பல இரவுகள் தூங்காத உடம்பு அது, பாதி தூக்கம் கடனுக்குக் கழிவது. குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடும், அதுவரை மருந்து கேட்டு வாங்கலாம். மலச்சிக்கல் மட்டும் போகாது. மார்ஃபின் இருக்கும்வரை மலமிளக்கியும் தினமும் இருக்க வேண்டும், வெளிக்குப் போனாலும் சரி போகாவிட்டாலும் சரி. லாக்டுலோஸ் சிரப் மட்டும் பலருக்குப் போதாது. குடலைத் தூண்டும் சென்னா அல்லது பிசாகோடைலையும் சேர்க்கக் கேளுங்கள். அதிகம் தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு இசப்கோல் போன்ற நார்ப்பொடி கொடுத்தால் குடலில் அடைத்துக்கொள்ளும், வேண்டாம். ஆறு நாளாகப் போகாமலிருப்பதை மருத்துவமனையில் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தாலும் வரலாம், நரம்பு நசுங்கியும் வரலாம்.

அடிமையாவது பற்றி. வலிக்காகச் சரியான அளவில் எடுக்கும் புற்றுநோயாளி போதை தேடி அலைவது மிக அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. அது வேறு விஷயம், ஸ்டீராய்டுக்கும் அப்படித்தான். இப்போதே கொடுத்துவிட்டால் பிறகு கொடுக்க மருந்து இருக்காது என்ற பயமும் வேண்டாம். மார்ஃபினுக்கு இத்தனைதான் என்ற உச்சவரம்பு இல்லை, தேவைக்கேற்பக் கூட்டலாம். சரியாக அளந்து கொடுத்த மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. பயப்பட வேண்டியது இதற்குத்தான்: தட்டி எழுப்பினாலும் எழாத தூக்கம், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி. அப்படியென்றால் அடுத்த வேளையை நிறுத்தி உடனே 999. இன்னொன்று, கதிர்வீச்சு வேலை செய்து வலி இறங்கினால் அதே அளவு மார்ஃபின் அப்போது அதிகமாகிவிடும். நல்ல செய்தி வந்த வாரத்தில்தான் அம்மா அளவுக்கு மீறித் தூங்குவார். அளவைக் குறைக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

சட்டத்தைப் பற்றிய அண்ணனின் கவலைக்கும் பதில் உண்டு. மார்ஃபின் 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தின் கீழ் வருகிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்து, நோயாளியின் பெயர் ஒட்டிய பாட்டிலை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. வெளியே கொண்டுபோனால் லேபிளோடு, மருத்துவமனைச் சீட்டோடு கொண்டுபோங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் அலமாரி மேலே போதாது, பூட்டி வையுங்கள். மிஞ்சியதை மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். வேறு யாருடைய முதுகுவலிக்கும் அதில் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது.

நிறுத்த வேண்டியவை

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். எலும்பு வலிக்கு அந்த வகை மருந்து உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் அது ஆபத்து, ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியும். டவுன் கிளினிக்கில் போட்ட ஊசியின் பெயரையும் கேட்டு எழுதிவாருங்கள். பல இடங்களில் அதே டைக்ளோஃபெனாக்தான் ஊசியாகவும் போகிறது. வாயிலும் ஊசியிலுமாக இரட்டிப்பு ஆகியிருக்கலாம். பாராசிட்டமாலைத் தொடரலாம், எந்தப் பெயரில் வந்தாலும் எல்லாம் சேர்த்து நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, மெலிந்தவருக்கு இன்னும் குறைவு. மூட்டுவலி போகும் என்று பசார் மாலாமில் விற்கும் பெயர் தெரியாத பொடியும் மாத்திரையும் வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டைக் கலந்து விற்றுப் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் அரசு மருந்துப் பதிவு எண் இல்லாத எதையும் அம்மா வாயில் போடாதீர்கள்.

முதுகை உருவுவதையும் நிறுத்துங்கள். வந்து செய்பவர் நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் நோய் அரித்த முள்ளெலும்பு கறையான் தின்ற விட்டம் மாதிரி. வெளியே முழுசாகத் தெரியும், அழுத்தினால் நொறுங்கும். அம்மாவுக்குத் தொடுதல் ஆறுதலாக இருந்தால் கை, பாதங்களில் எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவிவிடுங்கள், அதையும் நீங்களே செய்யுங்கள். சுடுதண்ணீர்ப் பை வேண்டாம். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். ஃபென்டானில் ஒட்டுப்பட்டை போட்டால் அதன்மேல் சூடு படவே கூடாது, மருந்து வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

கதிர்வீச்சு தேவையா?

தேவை. பரவிய பிறகு கதிர்வீச்சு வீண் என்ற எண்ணத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இது நோயை முற்றாக ஒழிக்கும் கதிர்வீச்சு அல்ல, வலிக்கும் அந்த எலும்புக்கு மட்டும் கொடுப்பது. எலும்பில் பரவிய வலிக்கு இதைப் பெறுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்கு வலி குறைகிறது. முழுப் பலன் தெரிய நான்கு வாரம் வரை ஆகலாம். அதனால் முதல் வாரத்தில் “ஒன்றும் நடக்கவில்லை” என்று மனம் உடைய வேண்டாம்.

ஐந்து முறை என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிக்கலில்லாத எலும்பு வலிக்கு ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தாலும் வலி நிவாரணம் பல தடவை கொடுப்பதற்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறகு மறுபடி கொடுக்க வேண்டிய வாய்ப்பு மட்டும் கூடுதல். நரம்பு நசுங்கினால், எலும்பு உடைந்தால் கணக்கு வேறு. தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ ஐந்து நாள் குலுங்கிப்போவது அம்மாவால் முடியாது என்றால், “ஒரே தடவையில் முடிக்க முடியுமா? இல்லையென்றால் வார்டில் தங்கவைத்துக் கொடுக்க முடியுமா?” என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

கதிர்வீச்சு நேரம் சில நிமிடம்தான், ஆனால் கடினமான மேசையில் அசையாமல் படுக்க வேண்டும். பலர் வலி தாங்காமல் பாதியில் எழுவது அங்கேதான். அழைப்பதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே கூடுதல் வேளை மார்ஃபினைக் கொடுத்துவிடுங்கள். முதல் சில நாளில் வலி கொஞ்சம் கூடலாம். எலும்பு வீங்குவதால் வருவது அது, நோய் முற்றியதாக நினைக்காதீர்கள். முதுகின் கீழ்ப்பகுதிக்குக் கொடுத்தால் குமட்டல் வரலாம், முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளலாம். தலைமுடி கொட்டாது.

உட்கார்ந்தாலும் எழுந்தாலும் வெட்டி, படுத்தால் அடங்கும் வலி எலும்பு ஆட்டம் கண்டதைக் காட்டும். அதற்குக் கதிர்வீச்சு மட்டும் போதாது, அறுவை நிபுணரும் பார்க்க வேண்டும். அம்மாவுடையது நேர்மாறு, படுத்தால் கூடுகிறது. எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் இருந்தால் காபபென்டின் அல்லது இரவில் சிறிதளவு அமிட்ரிப்டிலின் சேர்ப்பார்கள். எலும்பைக் காக்க சோலெட்ரோனிக் அமிலம் போன்ற ஊசி உண்டு. அதற்கு முன் சிறுநீரகமும் பல்லும் பார்க்க வேண்டும், ஆடும் பல்லை ஊசி தொடங்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரையையும் மாற்ற வேண்டியிருக்கும், பரவிய பிறகும் பலருக்கு அது வருடக்கணக்கில் கட்டுப்படுத்தும்.

அம்மாவிடம் சொல்வது

அண்ணன் மறைக்கச் சொல்வது பாசத்தால்தான். ஆனால் ஐந்து மாதமாக முதுகு சரியாகாததை அம்மா உணராமலா இருப்பார்? தோட்டத்தில் வளர்ந்தவர், பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். தெரியாததுபோல் நடிக்கும் வீட்டில் நோயாளி வலியையும் மறைக்கத் தொடங்குவார், அதுதான் எனக்குக் கவலை. அவர் உடம்பு, அவர் சம்மதம். கதிர்வீச்சுக்குக் கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். “அம்மா, டாக்டர் சொன்னதை எல்லாம் உங்களுக்குச் சொல்லவா, இல்லை எங்களிடமே பேசச் சொல்லவா?” என்று கேளுங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள்.

செலவும் உதவியும் பற்றி ஒரு வார்த்தை. அரசு நிபுணர் கிளினிக் கட்டணம் குடிமக்களுக்கு 5 வெள்ளிதான். வார்டில் இருக்கும்போதே மருத்துவ சமூகப்பணிப் பிரிவைப் பாருங்கள்; பயண உதவியும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டத்தின் புற்றுநோய் உதவித்தொகையும் பொருந்துமா என்று அவர்கள் சொல்வார்கள். அம்மா சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டியிருந்தால், 60 வயது நிறைவதற்குள் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். செலாயாங் மருத்துவமனையில் நோய்த்தணிப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்பக் கடிதம் கேட்கலாம். ஹாஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வந்து இலவசமாகப் பார்க்கிறது. உங்கள் முகவரி அவர்கள் எல்லைக்குள் வருமா என்று போன் செய்து கேளுங்கள். வராவிட்டால் அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்கின் வீட்டுப் பராமரிப்புக் குழுவுக்கு மருத்துவமனையிலிருந்தே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் கடைசி வரி. நாங்கள் வலியைக் குறைக்கும் வரிசையே அப்படித்தான்: முதலில் வலியில்லாத இரவு, பிறகு அசையாமல் இருக்கும்போது வலியில்லாமை, அதன்பிறகு நடமாட்டத்தில். முதல் படி பெரும்பாலோருக்குச் சில நாளில் கிடைத்துவிடும், அம்மாவுக்கு ஸ்டீராய்டும் மணி தவறாத மார்ஃபினும் சேர்ந்தால் அதைவிடச் சீக்கிரமே கிடைக்கலாம். முதுகு ஆட்டம் காணவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, வீட்டில் பள்ளம் விழுந்த பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டுக் கெட்டியான மெத்தை போடுங்கள். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அந்த வேளை மருந்து உள்ளே போயிருக்கட்டும். முதல் இரவே மட்டமாகப் படுக்கச் சொல்லாதீர்கள். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று. மறுநாள் இரவு முதுகுத் தலையணைகளில் ஒன்றை உருவுங்கள். வலிக்காவிட்டால் அடுத்த இரவு இன்னொன்று.